அன்றன்றைய பெலன்: ஊழியத்திற்குப் புதிதாய் வருவோர்க்கு ஒரு வழிகாட்டி

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை பரவிக் கிடக்கும் தமிழ்நாடு-கேரள எல்லைப்புறச் சிறு சபைகளில், விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த கையோடு, இளைஞர் சிலர் முதன்முறையாக ஓர் ஊழியப் பொறுப்பை ஏற்பதுண்டு. ஒருவருக்கு ஞாயிறு பள்ளியின் சிறுவர் வகுப்பு கிடைக்கும். இன்னொருவருக்கு வாரந்தோறும் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டம். மற்றொருவருக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களைச் சென்று பார்க்கும் வேலை. "தேவபெலத்தைச் சார்ந்து செய்யுங்கள், தம்பி" என்று பெரியவர்கள் தலையில் கைவைத்து அனுப்புகிறார்கள். அது மெய்யான ஆலோசனைதான். ஆனால் திங்கட்கிழமை காலையில் எழுந்து எதைச் செய்தால் தேவபெலத்தைச் சார்ந்ததாகும், எதைச் செய்தால் சொந்தப் பெலத்தில் ஓடியதாகும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டிலேயே ஊழியத்தை விட்டுவிடலாம் என்று எண்ணும் அளவுக்கு நான் வற்றிப்போனேன். அதன்பின் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டவற்றை, இன்று தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். தேவபெலன் என்றால் நமக்குள் தைரியம் பொங்கி வரும், நடுக்கம் நின்றுபோகும், நாவு தடையின்றி ஓடும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் பலர். கொரிந்துவுக்குப் போன பவுல், தான் "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" அவர்களிடத்தில் இருந்ததாகவே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 2:3). அவருடைய நடுக்கம் நீங்கிய பிறகு பெலன் வரவில்லை. நடுக்கத்தோடே அவர் பேசியபோது தேவன் கிரியை செய்தார். ஆகவே பலவீனமாக உணர்வதை ஊழியத்திற்குத் தகுதியின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. மோசே ஆசேர் கோத்திரத்தை ஆசீர்வதிக்கையில், "உன் நாட்களுக்குத்தக்கதாய் உன் பெலனும் இருக்கும்" என்றார் (உபாகமம் 33:25). வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற உணவு அன்றன்றைக்குக் கிடைத்தது. மறுநாளுக்கென்று எடுத்து வைத்தது புழுத்துப்போனது. அடுத்த கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை எப்படி நடத்தப்போகிறேனோ என்று ஜூன் மாதத்தில் கலங்குகிறவருக்கு அதற்கான பெலன் ஜூன் மாதத்தில் தரப்படுவதில்லை.

பொறுப்பை ஏற்கும் முன்

உங்களிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்படும்போது, உடனே "சரி" என்றும் சொல்லாமல் உடனே மறுத்துவிடாமலும், ஒரு வாரம் தவணை கேளுங்கள். அந்த வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, அந்த வேலையில் உங்களால் இயலுவது எது, இயலாதது எது என்று எழுதுங்கள். எனக்குப் பாடம் படித்துச் சொல்ல வரும், பாட வராது. சிறுவரோடு பேச வரும், அடங்காத பையனைக் கையாள வராது. சனிக்கிழமை மாலை ஓய்வுண்டு, ஞாயிறு மாலை கடையில் வேலையுண்டு என்பதுபோல் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். இயலாதவை நிறைந்த பக்கமே உங்களுடைய ஜெபப் பட்டியல் என்பதால், அதை எழுத வெட்கப்பட வேண்டாம்.

இங்கே மோசேயின் அழைப்பைக் கவனித்துப் படிக்க வேண்டும். நான் திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன் என்று அவர் சொன்னபோது கர்த்தர் கோபிக்கவில்லை. "நான் உன் வாயோடே இருந்து, நீ பேசவேண்டியதை உனக்குப் போதிப்பேன்" என்று வாக்களித்தார் (யாத்திராகமம் 4:12). வேறு யாரையாவது அனுப்பும் என்று மோசே கேட்டுக்கொண்ட பிறகே கர்த்தருடைய கோபம் மூண்டது. தன் குறையை ஒப்புக்கொள்வது சார்ந்திருத்தலின் வாசல். குறையைக் காரணமாகக் காட்டி விலகுவதோ அவருடைய வாக்குறுதியை ஒதுக்கித் தள்ளுவதாகும். அந்தக் கோபத்தின் நடுவிலும் அவர் ஆரோனைத் துணையாகக் கொடுத்தார் என்பதை நான் நெடுங்காலம் கவனிக்காமலே வாசித்துவந்தேன்.

வாரத்தின் ஒழுங்கு

எங்கள் பக்கத்தில் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் பலர். விடியுமுன்னரே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்திற்குப் போய்விடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாய்ப் போய்த் தடியைத் தொட்டால் அந்தக் காயம் மரத்தில் நெடுங்காலம் நிற்கும். பாலை வெட்டுக்காரர் உண்டாக்குவதில்லை, அது மரத்திலிருந்து வருவது. ஆனால் அவர் இருட்டோடே எழுந்து போகாவிட்டால் சிரட்டையில் ஒரு துளியும் விழாது. தேவபெலத்திற்கும் நம் உழைப்பிற்கும் உள்ள உறவை விளக்க இதைவிடத் தெளிவான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. பவுலும், தனக்குள்ளே வல்லமையாய்க் கிரியை நடப்பிக்கிற அவருடைய பலத்தின்படி "போராடிப் பிரயாசப்படுகிறேன்" என்று இரண்டையும் ஒரே வசனத்தில் சேர்த்தே சொல்லுகிறார் (கொலோசெயர் 1:29). ஜெபித்தால் போதும், ஆயத்தம் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வகுப்புக்குள் நுழைகிறவர் தேவனைச் சார்ந்திருக்கவில்லை. அவர் பிள்ளைகளின் ஒரு மணி நேரத்தை வீணாக்குகிறார். இதை நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஆகவே வாரத்தைப் பின்வருமாறு அமைத்துப் பாருங்கள். திங்கள் அல்லது செவ்வாயன்று பாடப்பகுதியை ஒருமுறை மெதுவாக வாசித்துவிடுங்கள். சனிக்கிழமை இரவுக்குத் தள்ளினால் பதற்றமே மிஞ்சும். ஒவ்வொரு நாள் காலையிலும், பிற வேலைகள் தொடங்குமுன், 15 நிமிடமாவது தனித்திருந்து, அன்றைக்குரியதை மட்டும் தேவனிடம் கேளுங்கள். ஆண்டவராகிய இயேசுவே அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று மாற்கு 1:35 கூறுகிறது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாசல் நிறையக் கூட்டம் கூடியிருந்தது என்பதையும், அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது சீஷர்கள் தேடி வந்து எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றதையும், அவரோ அந்தக் கூட்டத்திடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றதையும் சேர்த்து வாசியுங்கள். எதைச் செய்வது, எதை விட்டுவிடுவது என்ற தெளிவு அந்தத் தனிமையோடு சேர்ந்தே வருகிறது.

ஜெபத்தில் பெயர் சொல்லுங்கள். "என்னைப் பெலப்படுத்தும்" என்று பொதுவாகக் கேட்பதைக் காட்டிலும், "இன்று மாலை நான் போகிற வீட்டில் அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, வார்த்தையைத் தாரும்" என்று கேட்கலாம். அப்போது என்ன கிடைத்தது என்பதை மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதவும் முடியும். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, நீங்கள் மறந்துபோன எத்தனையோ உதவிகள் அங்கே கிடக்கும்.

கால் வைக்கும் நேரம்

யோசுவா 3-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியரின் கால்கள் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகே யோர்தான் நின்றது. அதுவும் அறுப்புக்காலத்தில் கரைபுரண்டு ஓடிய ஆறு. தென்மேற்குப் பருவமழையில் குழித்துறைத் தாமிரபரணி செம்மண் நிறத்தில் பெருகுவதைப் பார்த்தவர்களுக்கு, அப்படிப்பட்ட வெள்ளத்தில் காலை வைப்பதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்று தெரியும். கரையில் நிற்கும்போதே ஆறு வற்றியிருந்தால் அவர்கள் நம்பிப் போனார்கள் என்று சொல்ல வேண்டியிராது.

நான் முதன்முதலாகத் தனியே வீட்டு ஜெபம் நடத்தச் சென்ற நாளைச் சொல்கிறேன். 4 பக்கம் எழுதி, நல்ல செந்தமிழில் மனப்பாடம் செய்து போயிருந்தேன். அந்த வீட்டில் அனைவரும் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். நான் பேசியதில் பாதி அவர்களுக்கு எட்டவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இரண்டாம் பக்கத்தில் எனக்கு வரிகள் மறந்துபோயின. வியர்த்து நின்ற என்னைப் பார்த்து, திண்ணையோரம் படுத்திருந்த வீட்டுப் பாட்டி, "மக்களே, ஒரு கீர்த்தனை பாடு" என்றார். எனக்குப் பாடவும் வராது. "எனக்குத் தெரியாதே, பாட்டி" என்று உள்ளதைச் சொன்னேன். அவரே தளர்ந்த குரலில் தொடங்கினார், வீட்டார் சேர்ந்துகொண்டார்கள், நானும் பின்னால் முணுமுணுத்தேன். பாட்டு முடிந்ததும் அவர் தம் மருமகளுக்காகவும், வேலையில்லாத பேரனுக்காகவும், கடைசியாக எனக்காகவும் ஜெபித்தார். பெலப்படுத்தப் போன நான் பெலனடைந்து திரும்பினேன். அன்று முதல், ஊழியத்திற்குத் தேவையான பெலனை நாம் ஊழியம் செய்யப்போகிற வீட்டிலேயே தேவன் சிலவேளை வைத்திருக்கிறார் என்று எதிர்பார்த்தே போகிறேன். நீங்களும் ஒரு வீட்டிற்குள் நுழைந்தால், பேசத் தொடங்குமுன் அந்த வீட்டில் யார் ஜெபிக்கிறவர் என்று கவனியுங்கள். அவரை முதலில் ஜெபிக்கச் சொல்லுங்கள். மொழியைப் பொறுத்தவரை, அவர்கள் வீட்டில் பேசுவதுபோலவே பேசுங்கள். வேதவசனத்தைத் தமிழில் வாசித்தபின் விளக்கத்தை அவர்களுடைய பேச்சில் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

தோள்கொடுக்க ஆள்

காலைமுதல் சாயங்காலம்வரை தனியே ஜனங்களை விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம், நீயும் உன்னோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று அவருடைய மாமனார் எத்திரோ சொன்னார் (யாத்திராகமம் 18). செங்கடலைக் கடக்கப்பண்ணின வல்லமையைக் கண்ணாரக் கண்ட மனிதருக்கே வேலையைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற ஆலோசனை தேவைப்பட்டது. அந்த ஆலோசனை ஒரு மாமனாரின் வாயிலிருந்து வந்ததை மோசே குறைவாக எண்ணவில்லை. தனியாகச் சுமப்பதை விசுவாசத்தின் அடையாளமாகக் கருதுவது நம் சபைகளில் ஆழமாய் வேரூன்றிய பிழை.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் குழுக்களில் இடம்பெற்ற ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர், முதல் பயணத்திற்குப் பின் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் திரண்டிருந்த நோயாளிகளுக்கு மருத்துவர் போதாத நிலையைக் கண்டு, இங்கேயே தங்கி நெடுங்காலம் பணிசெய்தார். மலையேறும் உடற்பலம் பெற்றவராலும் அந்தக் கூட்டத்தைத் தனியே கவனித்துவிட முடியாது. கூட வேலைசெய்வோர் இல்லாமல் மருத்துவமனை ஒரு நாளும் நடப்பதில்லை. அதற்கு முன்பு அங்கே தேவையின் மிகுதியில் திணறிக்கொண்டிருந்தவர்களுக்கு அவருடைய வருகை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர்களுடைய ஜெபத்திற்குப் பதில் ஓர் ஆளாக வந்தது.

ஆகவே தொடங்கும் மாதத்திலேயே இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். ஒருவர் உங்களைவிட மூத்தவராய், நீங்கள் தடுமாறும்போது ஒளிக்காமல் சொல்லக்கூடியவராய் இருக்கட்டும். மற்றவர் உங்களைவிட இளையவராய், நீங்கள் செய்வதைப் பார்த்துப் பழகுகிறவராய் இருக்கட்டும். மூன்று மாதத்திற்குள் அந்த இளையவர் ஒரு வகுப்பையாவது தாமே நடத்த வேண்டும். நீங்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும்.

ஓய்வு

ரப்பர் மரத்தைப் பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார்கள். ஆசைக்கு ஓயாமல் வெட்டினால் சில மரங்கள் பால் வற்றிப் பட்டை காய்ந்து, பயனற்றுப் போகும். இந்த விஷயத்தில் மரத்துக்குக் காட்டும் இரக்கத்தை ஊழியர்கள் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் காட்டுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் மாலையாவது எந்தக் கூட்டமும் இல்லாமல், மனைவி மக்களோடு அமர்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட ஒதுக்கி வையுங்கள். இரவு 9 மணிக்குமேல், மரணச்செய்தி போன்ற அவசரம் தவிர, தொலைபேசியை எடுப்பதில்லை என்று பழகுங்கள். நேரப்பட்டு வேலையிலே தரித்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறது விருதா என்றும், கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்றும் 127-ஆம் சங்கீதம் சொல்லுகிறது. தூங்கப்போவதும் விசுவாசத்தின் செயல்தான். நாம் கண்மூடியிருக்கும்போதும் அவர் சபையைக் காக்கிறார் என்று நம்பாதவரால் நிம்மதியாய்த் தூங்க முடியாது.

வற்றிப்போனால்

சொந்தப் பெலத்தில் ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதற்குச் சில அறிகுறிகள் உண்டு. கூட்டத்திற்கு வந்தவர்களைப் பார்த்து மகிழாமல், வராதவர்கள்மேல் எரிச்சல் கொள்வீர்கள். அடுத்த சபையின் எண்ணிக்கையை விசாரிப்பீர்கள். பலர்முன் நீளமாய் ஜெபிப்பீர்கள். தனியே இருக்கும்போது வார்த்தை வராது. எனக்கு இம்மூன்றும் சேர்ந்தே வந்தன. அப்போது நான் செய்த தவறு, உபவாச நாட்களையும் கூட்டங்களையும் மேலும் கூட்டிக்கொண்டது. மூத்த ஊழியர் ஒருவர் என்னை அழைத்து, சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்ட எலியாவின் பகுதியை வாசிக்கச் சொன்னார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். மறுபடியும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் செய்தான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்குப் பின்புதான். அந்தப் பெரியவர் என்னை இரண்டு மாதம் எல்லாப் பொறுப்பிலிருந்தும் நிறுத்தி, பின்வரிசையில் சும்மா உட்காரச் சொன்னார். அது தண்டனை என்று அன்று கசந்தது. இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

தூக்கமின்மையும் பசியின்மையும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ, ஜெபிப்பதோடு மருத்துவரையும் கட்டாயம் பாருங்கள். மனச்சோர்வு நோயாகவும் வரும். அதை விசுவாசக் குறைவு என்று சொல்லி ஒருவரைக் குற்றவாளியாக்குவது பெரிய அநியாயம்.

நன்றாக நடக்கும்போது

சோர்வைவிட எனக்கு அதிகப் பயம் தருவது வெற்றி. வகுப்பு நிறைந்து, சபையார் பாராட்டத் தொடங்கும்போது காலைநேரத்துத் தனிமை தானாகக் குறையும். போருக்கென்று கிதியோனிடம் திரண்டிருந்த 32,000 பேரைக் கர்த்தர் 10,000 ஆகவும், பின் 300 ஆகவும் குறைத்தார். என் கை என்னை இரட்சித்தது என்று இஸ்ரவேல் வீம்பு பேசாதபடிக்கு என்று காரணமும் சொன்னார் (நியாயாதிபதிகள் 7:2). ஆசீர்வாதமான ஒரு கூட்டம் முடிந்தவுடன், அன்றிரவே, அதில் உங்களால் ஆகாதவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி நன்றி சொல்லுங்கள். நாற்காலி போட்டவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்ற தாய், சமைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களும் அங்கே இருக்கட்டும்.

ஒப்படைக்கும் நாள்

எல்லாப் பொறுப்பும் ஒருநாள் கைமாறும். திருவிதாங்கூரின் தெற்கில் லண்டன் மிஷன் பணிக்கு 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே, உடல்நலம் கெட்டு 1816-இல் புறப்பட்டுப் போனார். அதன்பின் அவர் என்னவானார் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. அடுத்த மிஷனரியான மீட் ஐயர் 1818-இல் வந்து சேரும்வரை, மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம்தான் அந்தச் சபைகளைக் கவனித்துவந்தார். ரிங்கல்தௌபே வருவதற்கு முன்பே தஞ்சையில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பி, தம் வீட்டாருக்குப் போதித்தவர் அவர். தாம் விட்டுச்சென்றதன் பலனை ரிங்கல்தௌபே கண்ணால் காணவில்லை. ஆனால் இன்றைய குமரிமாவட்டத்துத் தென்னிந்தியத் திருச்சபைகள் பலவற்றின் வரலாறு அந்த மயிலாடியிலிருந்தே தொடங்குகிறது.

நீங்களும் ஒப்படைக்கும்போது நோட்டுப் புத்தகத்தின் கடைசிச் சில பக்கங்களை அடுத்தவருக்காக எழுதுங்கள். உங்கள் சாதனைகளை எழுத வேண்டாம்; வீடுகளைப் பற்றி எழுதுங்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராததால் வகுப்பில் வசனம் வாசிக்கச் சொல்லக்கூடாது, எந்தக் குடும்பத்தில் சகோதரர் இருவரும் பேசுவதில்லை, எங்கே மலையாளத்தில் ஜெபித்தால் பாட்டிக்குப் புரியும் என்பவற்றை எழுதுங்கள். வெட்டுக்குப் போகிறவர்கள் வீட்டில், அவர்கள் பால் எடுத்து ஊற்றி, குளித்து, சற்றுக் கண்ணயர்ந்து எழும் பிற்பகல் 3 மணிக்குமுன் கதவைத் தட்ட வேண்டாம் என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.